தொழில்களையும் அலுவலகங்களையும் ஆய்வு செய்ய: தாள் முதலில், ஆள் அப்புறம்

செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ஆவண எழுத்தர், வக்கீல் குமாஸ்தா என ஏதோ ஒரு தொழில் எப்படி நடக்கிறது, எப்படி மாறியிருக்கிறது என்று பிஎச்.டி.க்கோ முதுகலைத் திட்டக் கட்டுரைக்கோ தலைப்பு எடுத்திருக்கிறீர்களா? கோட்பாடு பற்றிச் சொல்லித்தர உங்கள் நெறியாளர் இருக்கிறார். எந்த அலுவலகத்துக்கு மனு போட வேண்டும், அது எந்த மேசையில் தூங்கும், எந்த மாதத்தில் யாரிடமும் பேச முடியாது என்பதையெல்லாம் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்குள் ஆய்வு செய்பவர்களுக்கானது இது.

உதாரணமாக, சார்பதிவாளர் அலுவலகங்களைச் சுற்றிக் கடை போட்டுப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் ஆவண எழுத்தர்களை எடுத்துக்கொள்கிறேன். 2018 பிப்ரவரியில் பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்த பிறகு இவர்களுடைய வேலையின் பெரும்பகுதி பேனாவிலிருந்து கணினித் திரைக்குப் போய்விட்டது. மாறிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலைப் பார்க்க இதைவிடப் பக்கத்தில் கிடைக்கும் இடம் குறைவு. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

1. தலைப்பை அனுமதிக்கு ஏற்றபடி வெட்டுங்கள்

“தமிழ்நாட்டில் செவிலியர் தொழிலின் மாற்றங்கள்” என்று பதிவு செய்துவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தாலுகா மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ். ஒரே தலைப்புக்கு மூன்று இயக்குநரகங்களில் மூன்று கோப்புகள் ஓட வேண்டும். ஒன்றின் அனுமதிக் கடிதத்தை இன்னொன்று மதிக்காது. பள்ளிகளிலும் இதே கதைதான்: தொடக்கக் கல்வி ஒரு இயக்குநர், பள்ளிக் கல்வி இன்னொரு இயக்குநர், தனியார் பள்ளிகளுக்கு வேறொருவர்.

ஆகவே தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: நான் பார்க்கப் போகும் ஆட்களுக்குச் சம்பளம் போடுபவர் யார்? அவர்களுக்கு உரிமம் கொடுப்பவர் யார்? அவர்களை இடமாற்றம் செய்பவர் யார்? மூன்று கேள்விக்கும் ஒரே அலுவலகம் பதிலாக வந்தால் நிம்மதி. ஆவண எழுத்தர்கள் விஷயத்தில் சம்பளம் போடுபவர் யாரும் இல்லை, கடை அவர்களுடையது. உரிமம் மட்டும் பதிவுத் துறையின் கையில், 1982ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகளின்படி. அதனால் கடையில் உட்கார்ந்து பேச எந்த அரசு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம். அலுவலகத்துக்குள் நின்று பார்க்கத்தான் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவினை தெரிந்தால் பாதி வேலையை மனுப் போடாமலேயே தொடங்கிவிடலாம்.

2. இலவசத் தாள்களைத் தின்று தீருங்கள்

ஆட்களிடம் ஓடும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். விதி என்ன சொல்கிறது என்று தெரியாமல் பேட்டிக்குப் போனால், எதிரில் இருப்பவர் சொல்வது விதியா, வழக்கமா, அவருடைய சொந்த ஏற்பாடா என்று பிரிக்க முடியாது. விதிக்கும் மேசைக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் உங்கள் ஆய்வு. விதி கையில் இல்லாமல் அந்தத் தூரத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்?

காசில்லாமல் கிடைப்பவை இவை.

கொள்கை விளக்கக் குறிப்பு: ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைப்பது. அரசு இணையதளத்தில் பழைய ஆண்டுகளுடையதும் கிடைக்கும். நம் உதாரணத்துக்கு வணிகவரி மற்றும் பதிவுத் துறையினுடையதை எடுங்கள். ஒரு குறிப்பை மட்டும் படித்தால் அரசின் பெருமைப் பட்டியல்தான் தெரியும். பத்து ஆண்டுக் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வருஷா வருஷம் சொல்லுக்குச் சொல் அப்படியே வந்துகொண்டிருந்த ஒரு பத்தி திடீரென்று ஒரு வருஷம் காணாமல் போயிருக்கும். எதையோ அரசு சத்தமில்லாமல் கைவிட்டிருக்கக்கூடும். அந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசாணை: அரசாணையின் மேற்பகுதியில் “பார்வை” என்று போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முந்தைய ஆணைகளையும் கடிதங்களையும் அடுக்கியிருப்பார்கள். எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அது. நீங்கள் அங்கேதான் நிற்க வேண்டும். எந்தச் சங்கம் எந்தத் தேதியில் மனு கொடுத்தது, எந்த இயக்குநர் என்ன பரிந்துரைத்தார் என்பதெல்லாம் ந.க. எண் என்ற கோப்பு எண்ணோடு இருக்கும். ஒரு கடிதத்தின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால், பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது “அப்படி ஒன்று இல்லை” என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

சர்வீஸ் வழக்குத் தீர்ப்புகள்: பதவி உயர்வு, பணிமூப்பு, உரிமம் ரத்து என்று உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் நீதிபதி வழக்கமாக அந்தத் துறையின் விதிமாற்றங்களைத் தேதி வாரியாகச் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்புக்கு வருவார். அரசுத் தரப்புப் பதில் மனுவின் சாரமும் அதில் இருக்கும். மாதக்கணக்கில் தேட வேண்டியதை நாலு பக்கத்தில் சுருக்கிக் கொடுத்த தீர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

17 தலைப்புகள்: தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின்படி ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டியவை. அலுவலர்களின் அதிகாரம், கடமை, முடிவெடுக்கும் நடைமுறை, வைத்திருக்கும் பதிவேடுகளின் வகை எல்லாம் அதில் அடக்கம். சில அலுவலகங்களில் பல வருஷத்துக்கு முந்தைய தாளே தொங்கும். அதுவும் ஒரு தகவல்தான்.

இத்துடன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகமான ஷோத்கங்காவில் உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்வேடுகளைப் பாருங்கள். பின்னிணைப்பில் அவர்கள் வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகல் இருந்தால், யாருக்கு மனு எழுத வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பழைய காலத்துத் தாள்கள் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். நெறியாளர் கடிதம், அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

3. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது

இதைச் சரியாகச் செய்தால் 10 ரூபாயில் முடியும். தவறாகச் செய்தால் மூன்று மாதம் போய்விடும்.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகத்துக்கு என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுங்கள் அல்லது இணையத்தில் கட்டுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் மனு திரும்பி வரலாம். நகலுக்கு ஏ4 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. “ஆய்வுக்காக” என்று எழுதினால் உங்கள் பல்கலைக்கழகக் கடிதத்தைக் கேட்டு ஒரு பதில் வரும், அதற்கொரு மாதம் போகும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “ஆவண எழுத்தர் உரிமக் கொள்கை ஏன் மாற்றப்பட்டது?” என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் பதில் வரும். அது சட்டப்படி சரியும்கூட. இருக்கிற தாளைத்தான் கேட்க முடியும், இல்லாத கருத்தைக் கேட்க முடியாது. இப்படிக் கேளுங்கள்: “1.1.2010 முதல் 31.12.2024 வரை வழங்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட, ரத்து செய்யப்பட்ட ஆவண எழுத்தர் உரிமங்கள் குறித்துத் தங்கள் அலுவலகத்தில் பராமரிக்கப்படும் பதிவேட்டின் நகல். நகல் தர இயலாவிட்டால் மேற்படி பதிவேட்டை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.” எண்ணிக்கை மட்டும் கேட்டால் “தொகுத்து வைக்கப்படவில்லை” என்று தப்பிக்க இடமுண்டு. பதிவேடு என்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்த வழி அடைபடும். தனிநபர்களின் பெயர், முகவரி உங்களுக்குத் தேவையில்லை என்று நீங்களே எழுதிவிடுங்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுக்கும் வாய்ப்பும் குறையும்.

ஒரு மனுவில் ஒரே பொருள். நாலைந்து வரிக்கு மேல் போகாதீர்கள். இருபது கேள்வி அடுக்கினால் அதை நாலு பிரிவுக்கு மாற்றி அனுப்புவார்கள், நாலு பக்கமிருந்தும் அரைகுறைப் பதில் வரும்.

காலக்கணக்கு இது: பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் முடிவெடுக்க 30 நாள், அதிகபட்சம் 45. அதற்கும் மேல் என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அது எப்போது விசாரணைக்கு வரும் என்று கணக்கு வைத்து ஆய்வேட்டைத் திட்டமிடாதீர்கள். நடைமுறையில் முதல் மேல்முறையீட்டிலேயே பல தாள்கள் வந்துவிடும், ஏனென்றால் அப்போதுதான் மனு மேலதிகாரியின் கண்ணில் படுகிறது. 30 நாள் கெடு தாண்டிய பிறகு கொடுத்தால் நகலுக்குக் காசு வாங்கக்கூடாது. அதை மேல்முறையீட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்.

பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் எண்ணுவதற்கு அதுதான் ஆதாரம்.

4. அனுமதி மனுவும் அது படுத்திருக்கும் மேசையும்

அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் துறைத் தலைமைக்கு மனு. பதிவுத் துறைக்குச் சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம். கீழே இருக்கும் சார்பதிவாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் “மேலிடத்துக் கடிதம் இருக்கா?” என்றுதான் கேட்பார். அவர்மேல் வருத்தப்படாதீர்கள். 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர் தலைக்கு மேல் தொங்குகின்றன. அலுவலகத் தகவலை அவர் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது.

மனுவோடு இணைக்க வேண்டியவை: நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், துறைத் தலைவரின் மேலொப்பம், பல்கலைக்கழகப் பதிவு ஆணையின் நகல், அடையாள அட்டை நகல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், கேள்விப் பட்டியல், நீங்கள் போகப்போகும் அலுவலகங்களின் பெயரும் மாதமும். சுருக்கம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் பல்கலைக்கழக நடையில் எழுதிய பத்துப் பக்கத்தை இளநிலை உதவியாளர் ஏன் படிக்க வேண்டும்? அவர்தான் அதன்மேல் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டியவர். அவருக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்தால் கோப்பு அன்றைக்கே நகரும்.

கேள்விப் பட்டியலில் “ஊழல்”, “முறைகேடு”, “இடைத்தரகர்” போன்ற சொற்கள் ஒன்றே ஒன்று இருந்தாலும் கோப்பு நின்றுவிடும். ஏமாற்றச் சொல்லவில்லை. “பதிவு நடைமுறையில் பங்கேற்போரின் பணிகள்” என்பது உண்மையான விவரிப்புதான், அதைவிடக் கூர்மையாகச் சொல்ல மனு இடமில்லை.

மனுவை நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி “என்னாச்சு சார்?” இல்லை. “இது எந்த சீட்டுக்குப் போயிருக்கு, தன்பதிவேட்டு எண் என்ன?” என்று கேளுங்கள் (சீட்டு என்றால் கோப்பைப் பார்ப்பவரின் மேசை, தன்பதிவேடு அவர் தனக்கு வரும் தாள்களை எண் போட்டு ஏற்றும் ஏடு). எண் இருந்தால் அது கோப்பு. எண் இல்லையென்றால் அது இன்னும் வெறும் தாள். ஒரு அலுவலகத்தில் என் மனு வாரக்கணக்கில் எண்ணே வாங்காமல் கிடந்தது. “உங்க மனு போயிட்டிருக்கு தம்பி” என்று ஒவ்வொரு தடவையும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

மனு போடும் மாதமும் முக்கியம். சட்டமன்ற மானியக் கோரிக்கை நடக்கும்போது தலைமை அலுவலகத்தில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. மார்ச் கடைசி வருஷக் கணக்கு. கோடையில் இடமாறுதல், நீங்கள் விளக்கிப் புரியவைத்த அதிகாரி போய்ப் புதியவர் வருவார், மறுபடியும் முதலிலிருந்து. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரைதான் என் பார்வையில் நல்ல காலம். அனுமதிக் கடிதத்தில் அலுவலகத்தின் பெயரும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே படித்துப் பாருங்கள்.

5. நெறிமுறைக் குழுவும் கையெழுத்தும்

மருத்துவமனை சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. குழு எப்போது கூடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். மற்றத் தொழில்களுக்கு உங்கள் பல்கலைக்கழகக் குழுவே போதும்.

பேட்டி கொடுப்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று குழுக்கள் கேட்கும். இங்கே ஒரு சிக்கல். ஆவண எழுத்தர் என்பவர் காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர்களிடம் “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கைநாட்டு” என்று வாங்கிக்கொண்டிருப்பவர். ஒரு கையெழுத்து ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. உங்கள் படிவத்தை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுப்பார். டீ வாங்கிக் கொடுப்பார், கையெழுத்து மட்டும் போடமாட்டார். எனவே வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாக வாங்க அனுமதி வேண்டும் என்று குழுவிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பின்னால் கேட்டால் மறுபடியும் கூட்டம், மறுபடியும் காத்திருப்பு.

6. பேட்டி

யாரை முதலில் பார்ப்பது? ஓய்வு பெற்றவர்களை. பணியில் இருப்பவர் நடத்தை விதிக்குப் பயப்படுவார். ஓய்வு பெற்ற சார்பதிவாளருக்கு நேரமும் இருக்கிறது, சொல்ல ஆளில்லாத கதைகளும் இருக்கின்றன. அடுத்தது சங்கம். சங்கப் பொறுப்பாளர் மூலம் போனால் கதவுகள் திறக்கும், ஆனால் அவர் காட்டும் ஆட்கள் சங்கத்தின் குரலிலேயே பேசுவார்கள். நான் சங்கத்திடம் ஆளைவிடத் தாளைத்தான் அதிகம் கேட்பேன்: பழைய கோரிக்கை மனுக்கள், மாநாட்டு மலர்கள். மாநாட்டு மலரில் வாழ்த்துரைகளைத் தள்ளிவிட்டுத் தீர்மானங்களைப் படியுங்கள். எந்த வருஷம் எதற்காகப் பயந்தார்கள் என்று அங்கே இருக்கும். விளம்பரங்களையும் விடாதீர்கள்: தட்டச்சுப் பொறி பழுது பார்ப்பவர் விளம்பரம் எந்த மலரோடு நின்றது, கணினிக் கடை விளம்பரம் எதில் தொடங்கியது என்று பாருங்கள்.

முகூர்த்த நாளில் பேட்டிக்குப் போகாதீர்கள். அன்று பத்திரப் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுத்துக் கூட்டம் அலைமோதும். அன்றைக்குப் போனால் ஓரமாக நின்று வேடிக்கை மட்டும் பாருங்கள், யார் யாரிடம் கேட்டு எதைத் திருத்துகிறார்கள் என்பது அன்றுதான் தெரியும். உட்கார்ந்து பேச ஆடி மாதமும் மார்கழியும் தோதானவை, சொத்துப் பதிவு மந்தமாக இருக்கும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் விதிவிலக்கு.

“கணினிமயமாக்கலால் உங்கள் தொழிலில் என்ன மாற்றம்?” என்று கேட்டால் “எல்லாம் மாறிப்போச்சு சார்” என்று வரும். அதற்குமேல் வராது. “நேத்து காலையில கடையைத் திறந்ததிலிருந்து சொல்லுங்கண்ணே” என்று கேளுங்கள். முதல் பார்ட்டி யார், மூலப்பத்திரத்தில் என்ன பார்த்தார், வில்லங்கச் சான்று யார் எடுத்தது, திரையில் விவரம் ஏற்றியது அவரா, கடையில் வேலை பார்க்கும் பெண்ணா? ஒரு நாளைக்குள் எல்லா மாற்றமும் வந்துவிடும். கையோடு ஒரு பழைய பத்திர நகலையும் ஒரு புதிய பத்திர நகலையும் கொண்டுபோங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும், அடுத்த அரை மணி நேரம் நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

மாமூல் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். நிறுத்தியதை அவர் பார்க்கும்படி நிறுத்துங்கள். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் இருக்க வக்கீலுக்கு உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு இங்கே கிடையாது. உங்கள் போனில் இருக்கும் குரல் நாளைக்கு அவருக்கு எதிரான சாட்சியாகலாம். ஊர்ப் பெயரை மாற்றினால் மட்டும் ஆளை மறைத்ததாகாது. ஒரு சிறிய ஊரில் “45 வயதுப் பெண் ஆவண எழுத்தர்” என்று எழுதினாலே அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

7. பணமும் நாளும்

பெரிய செலவு மனுக்களில் இல்லை, எழுத்தாக்கத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், டீக்கடைச் சத்தத்தோடு பதிந்திருந்தால் இன்னும் கூடும். மென்பொருள்கள் வட்டார வழக்கில் தடுமாறுகின்றன. “கிரயம்”, “தானசெட்டில்மென்ட்”, “விடுதலைப் பத்திரம்” எல்லாம் விநோதமான உருவத்தில் வந்து சேரும். முதல் சில பேட்டிகளை நீங்களே எழுதுங்கள், அடுத்த பேட்டிக்கான கேள்விகள் அங்கேதான் பிறக்கும். மீதியை ஆள் வைத்துச் செய்தால் ஒலிக்கோப்பிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பயணச் செலவைக் குறைக்க ஒரே மாவட்டத்தில் இரண்டு அலுவலகங்கள் போதும். நகரத்தில் ஒன்று, சிற்றூரில் ஒன்று.

பிஎச்.டி. குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 என்பது இப்போதைய விதி. அதில் முதல் ஆண்டு பாடத்திட்டத்திலேயே போய்விடும். அந்த ஆண்டிலேயே இலவசத் தாள்களையும் தகவல் உரிமை மனுக்களையும் முடித்து, அனுமதி மனுவையும் ஓடவிட்டுவிடுங்கள். பாடத்திட்டம் முடிந்த பிறகு மனுப் போடலாம் என்று இருப்பவர்கள் இரண்டாம் ஆண்டு முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

8. முடித்த பிறகு

அனுமதிக் கடிதத்தின் கடைசி நிபந்தனை பெரும்பாலும் “ஆய்வறிக்கையின் நகல் ஒன்றை இவ்வலுவலகத்துக்கு அளிக்க வேண்டும்” என்று இருக்கும். முக்கால்வாசிப் பேர் கொடுப்பதில்லை. அடுத்து அதே அலுவலகத்துக்குப் போகிற மாணவரின் மனுமேல் “முன்னர் அனுமதி பெற்றவர் அறிக்கை அளிக்கவில்லை” என்று குறிப்பு ஏறும். ஆகவே நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், பழைய ந.க. எண்ணைப் “பார்வை”யில் குறிப்பிடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி கொடுத்தவர்களுக்கு ஆய்வேடு வேண்டாம். நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், அச்சுக்குப் போகும் முன்னால். ஆவண எழுத்தர்கள் அதிலும் பிழை திருத்துவார்கள். சர்வே எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் கட்டாயம் பிடித்துவிடுவார்கள்.